வியூஸ் வருகிறது, பணம் எங்கே? இணைய ஊடகம் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக யூடியூப் சேனலோ இணையதளமோ தொடங்கும் எவரும் முதலில் கேட்பது இதைத்தான்: "ஒரு லட்சம் வியூஸ் வந்தால் எவ்வளவு கிடைக்கும்?" நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு அலைந்தவன்தான். ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், அத்தனை பேர் சொன்னதும் உண்மை. அதே ஒரு லட்சம் பார்வைக்கு ஒருவருக்கு மாத வாடகை கட்டும் அளவுக்கு வரும். இன்னொருவருக்குச் சில்லறைதான் தேறும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கேமராவும் லைட்டும் வாங்கிக் குவிப்பது காசைக் கரியாக்கும் வேலை.

அதனால் இந்தக் கட்டுரையில் கேமரா பற்றியோ, கவர்ச்சியாகத் தலைப்பு வைக்கும் சூட்சுமம் பற்றியோ எதுவும் கிடையாது. பணம் எந்த வழியாக வருகிறது, வழியில் யார் யார் கை வைக்கிறார்கள், எந்த வேலையை எந்த வரிசையில் செய்வது என்பது மட்டும்தான். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் எப்படிச் செய்வேனோ அந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு விளம்பரத்தின் பின்னாலேயே போய்ப் பாருங்கள்

இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற தளத்தில் வந்தன. அவற்றில் இன்றும் பேசப்படுவது ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம். ஏற்பாடு பத்திரிகை விளம்பரம் மாதிரிதான்: இந்த இடம், இத்தனை நாள், இவ்வளவு பணம். பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதைக் கிளிக் செய்ததாகச் சொல்வார்கள். இன்று ஒரு பேனரை நூறு பேர் பார்த்து ஒருவர் கிளிக் செய்தாலே பெரிய விஷயம்.

அடுத்த திருப்பம் 1998ல் வந்தது. கோடூ என்ற தேடுதளம், தேடல் சொற்களை ஏலத்தில் விட்டது. கிளிக் விழுந்தால் மட்டும் காசு. கூகுள் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கி, 2002ல் தானும் கிளிக் ஏலத்துக்கு வந்தது. அதில் ஒரு நுணுக்கம் சேர்த்தது: அதிக விலை கேட்பவருக்கே முதலிடம் என்று விட்டுவிடாமல், எந்த விளம்பரத்தை மக்கள் அதிகம் கிளிக் செய்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தது. 2003ல், மற்றவர்களின் தளங்களில் கூகுளே விளம்பரம் போட்டு வருமானத்தில் பங்கு தரும் ஆட்சென்ஸ் வந்தது. விளம்பரம் பிடித்துத் தர ஆள் வைக்க முடியாத சின்னத் தளங்களும் சம்பாதிக்க முடிந்தது அதற்கப்புறம்தான்.

இப்போது நடப்பது இது. ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார். பக்கம் முழுதாக வந்து சேர்வதற்குள் அதிலுள்ள விளம்பர இடம் ஏலத்துக்குப் போய்விடுகிறது. உங்கள் சார்பில் ஒரு மென்பொருள் சந்தையில் கூவுகிறது: இந்த நாட்டில், இந்த மாதிரி போனில், இன்ன தலைப்பிலுள்ள பக்கத்தை ஒருவர் படிக்கிறார், யாருக்கு வேண்டும்? விளம்பரதாரர்கள் சார்பில் நிற்கும் மென்பொருள்கள் விலை கேட்கின்றன. ஜெயித்தவரின் விளம்பரம் திரையில் வருகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இடையில் இருக்கும் ஒவ்வொருவரும் தரகு எடுத்துக்கொள்கிறார்கள். 2020ல் பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனத்தை வைத்து இந்தப் பாதையை அளந்து பார்த்தது. விளம்பரதாரர் கொடுத்த பணத்தில் 51 சதவீதம்தான் தளம் நடத்துபவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 15 சதவீதம் எங்கே போனது என்று அவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரிய விளம்பரதாரர்கள், பெயர்பெற்ற தளங்கள். சின்னவர்களின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் சந்தையில் கூகுளின் இடம் தனி. டபுள்கிளிக் என்ற விளம்பர மென்பொருள் நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக 2007ல் அறிவித்து, 2008ல் வாங்கி முடித்தது. அதன்பிறகு விற்பவரின் தரகர், வாங்குபவரின் தரகர், சந்தை நடத்துபவர் என்று மூன்று வேஷமும் ஒருவருக்கே என்றானது. இந்த மூன்றில் விற்பவருக்கான மென்பொருளிலும் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க மத்திய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

சரி, இதில் உங்களுக்கு என்ன? ஏலத்தில் விலைபோவது உங்கள் கட்டுரையின் அழகு இல்லை. அதைப் படிக்கும் ஆள் அந்த நேரத்தில் யாருக்கெல்லாம் தேவைப்படுகிறார் என்பதுதான் விலையை முடிவு செய்கிறது. வீடு மாறப்போகிறவர் ஒருவர் சாமான் ஏற்றும் லாரிகளை ஒப்பிட்டுப் படிக்கிறார் என்றால் அவருக்குப் பத்துப் பேர் விலை கேட்பார்கள். பொழுதுபோகாமல் நகைச்சுவைத் துணுக்கு பார்ப்பவருக்குக் கேட்க ஆள் குறைவு. லட்சம் வியூஸ் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிடைப்பது இதனால்தான்.

இரண்டாவது: யார் பணம் தருவார் என்று எழுதிப் பாருங்கள்

விஷயத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா? ஒரு தாளை எடுத்து, உங்கள் வாசகரிடம் எதையாவது விற்க விரும்பக்கூடிய பத்து நிறுவனங்களின் பெயரை எழுதுங்கள். பத்தும் சுலபமாக வந்தால் விளம்பர வழியில் போகலாம். மூன்றோடு பேனா நின்றுவிட்டால், வாசகரிடமே காசு வாங்கும் வழியை யோசிக்க வேண்டும். ஒன்றுகூட வரவில்லையென்றால் அதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காப்பீடு, கடன், வழக்கறிஞர் சேவை போன்றவற்றுக்கு விளம்பர விலை அதிகம் என்று எங்கோ படித்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் அதிலேயே குதிக்கிறார்கள். அந்தத் துறைகளில் பெரிய நிறுவனங்கள் ஆள் வைத்து எழுதிக்கொண்டிருக்கின்றன. பணம், உடல்நலம் போன்ற விஷயங்களில் எழுதுபவருக்கு அனுபவமோ தகுதியோ இருக்கிறதா என்பதைக் கூகுளும் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறது. உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்த சின்ன விஷயம், தெரியாத பெரிய விஷயத்தைவிடச் சீக்கிரம் காசு பார்க்கும்.

சின்ன விஷயத்துக்குச் சாதகமாக இன்னொன்றும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒருவர் எங்கே போனாலும் விளம்பரம் அவரைத் துரத்திக்கொண்டே வந்தது. அது குறைந்து வருகிறது. இப்படித் துரத்த உதவுவது மூன்றாம் நபர் குக்கிகள், அதாவது நீங்கள் பார்க்கும் தளம் அல்லாத வேறொருவர் உங்கள் பிரவுசரில் போட்டுவைக்கும் அடையாளக் குறிப்புகள். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 மார்ச்சில் அவற்றை முழுதாக நிறுத்தியது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 14.5ல், உங்களைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்றது. இதனால் 2022ல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. கூகுளின் குரோம் மட்டும், எடுக்கிறேன் எடுக்கிறேன் என்று 2020 முதல் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டு, கடைசியில் குக்கிகளை அப்படியே விட்டுவைத்தது. ஆள் யார் என்று தெரியாத இடத்தில், பக்கம் எதைப் பற்றியது என்பதற்கு மதிப்பு கூடுகிறது. ஒரே விஷயத்தை ஆழமாகப் பேசும் தளத்துக்கு இது நல்ல செய்தி.

மூன்றாவது: சொந்த வீடு

சமூக வலைத்தளத்தில் மட்டும் கடை விரிப்பது வாடகை வீட்டில் மாடி கட்டுவது போல. வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கும் ஒருநாள் மனம் மாறும்.

லிட்டில்திங்ஸ் என்ற அமெரிக்கத் தளத்தின் கதையைப் புதியவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபேஸ்புக்கை நம்பியே கோடிக்கணக்கான வாசகர்களைச் சேர்த்த தளம் அது. நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவோம் என்று 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் அறிவித்தது. இலவசமாக வந்துகொண்டிருந்த பார்வையில் முக்கால்வாசி போய்விட்டது என்று சொல்லி, அடுத்த மாதமே லிட்டில்திங்ஸ் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரில் போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. 2023 ஆகஸ்டில் கனடாவில் மெட்டா, செய்தி நிறுவனங்களுக்கு இணைப்புக்காகப் பணம் தர வைக்கும் சட்டத்தை எதிர்த்து, ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே நிறுத்தியது. செய்திப் பக்கங்களின் ஃபாலோயர் எண்ணிக்கை அப்படியே இருந்தது. ஆனால் அவர்களில் கனடாவில் இருந்த ஒருவருக்குக்கூட ஒரு செய்தியும் போய்ச் சேரவில்லை.

சொந்த வீடு என்றால் இரண்டு பொருள்: ஒரு டொமைன் பெயர் (உங்கள் இணையதளத்தின் முகவரி), ஒரு மின்னஞ்சல் பட்டியல்.

டொமைனை உங்கள் பெயரிலேயே, உங்கள் மின்னஞ்சலிலேயே பதிவு செய்யுங்கள். என் முதல் தளத்தை வடிவமைத்துக் கொடுத்த நண்பர், வசதிக்காகத் தன் பெயரில் பதிவு செய்திருந்தார். நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் வேறு வேலையில் மூழ்கிவிட, புதுப்பிக்கும் தேதி வந்தபோது அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் தளம் நான்கு நாள் இருட்டாகிக் கிடந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் நான்கு நாள் போனது போனதுதான். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் இரட்டைச் சரிபார்ப்பையும் அன்றே போட்டுவிடுங்கள்.

மின்னஞ்சல் பட்டியலை முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும். வாசகர் பெருகியபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த 'பின்' வரவே வராது. வாரம் ஒரு மடல் போதும். அனுப்பும் சேவையில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று அமைப்புகள் கேட்பார்கள். கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று நிரூபிக்கும் முத்திரைகள் அவை. ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இந்த மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டது. சின்னப் பட்டியல்தானே என்று விடாதீர்கள், முதலிலேயே செய்துவிட்டால் தலைவலி மிச்சம்.

மடலை எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். 2021 செப்டம்பர் முதல் ஆப்பிளின் மெயில் செயலி, வாசகர் திறக்காவிட்டாலும் மடலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கிறது. அனுப்பும் சேவைக்கு அது திறந்ததாகவே தெரியும். எத்தனை பேர் இணைப்பைக் கிளிக் செய்தார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். அவை பொய் சொல்வது அபூர்வம்.

நான்காவது: ஒரு தளம், மிஞ்சினால் இரண்டு

எல்லாச் சமூக வலைத்தளத்திலும் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தனி ஆளால் ஒன்றை உருப்படியாகச் செய்ய முடியும்.

யூடியூப் என்றால், விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வையோ வேண்டும். 2023ல் கீழ்ப்படி ஒன்றும் வந்தது: 500 சப்ஸ்கிரைபர், 90 நாளில் 3 காணொளி, 3,000 மணி நேரம் அல்லது ஷார்ட்ஸில் 30 லட்சம் பார்வை. இந்தப் படியில் ரசிகர்கள் நேரடியாகத் தரும் பணம் போன்ற வசதிகள்தான் திறக்கும், விளம்பரப் பங்கு கிடையாது. இதைச் சரியாகப் படிக்காமல் ஏமாந்தவர்கள் நிறைய.

பங்கீடும் ஒன்றுபோல் இல்லை. நீளக் காணொளியில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. ஷார்ட்ஸில் விளம்பரம் உங்கள் காணொளிமேல் வருவதில்லை, இரண்டு காணொளிகளுக்கு இடையில் வருகிறது. அந்தப் பணம் ஒரு பொதுக் குடத்தில் விழுந்து, இசை உரிமைக்கானது கழிந்து, பார்வைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. உங்கள் பங்காக வருவதில் 45 சதவீதம் கைக்கு வரும். அதனால்தான் ஷார்ட்ஸில் கோடி பார்வை பார்த்தவர் புலம்புவதும், நீளக் காணொளியில் சில ஆயிரம் பார்வை மட்டும் உள்ளவர் நிம்மதியாக இருப்பதும். ஷார்ட்ஸை வாசல் பலகையாக வையுங்கள், கடையை வேறிடத்தில் வையுங்கள்.

அப்புறம், 'வியூ' என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. ஆனால் பணத்துக்கு வேறு கணக்கு: பார்த்தவர் கடந்து போகாமல் நின்று பார்த்திருந்தால்தான் சேர்த்தி. பெரிய எண்ணைப் பார்த்துப் பூரித்துப்போய் பெரிய முடிவு எடுப்பதில் பெரிய நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன. 2015, 2016 வாக்கில் ஃபேஸ்புக் காட்டிய எண்களைப் பார்த்து, இனி எல்லாம் வீடியோதான் என்று பல ஊடகங்கள் எழுத்தாளர்களை அனுப்பிவிட்டு வீடியோ ஆட்களைச் சேர்த்தன. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுச் சராசரிப் பார்வை நேரத்தைக் கணக்கிட்டு, உள்ளதைவிடக் கூட்டிக் காட்டி வந்ததாக 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. விளம்பரதாரர்கள் போட்ட வழக்கை 2019ல் 4 கோடி டாலர் கொடுத்து முடித்தது. வேலை போன எழுத்தாளர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஐந்தாவது: விளம்பரம் போடுவது

அவசரப்பட வேண்டாம். மாதம் சில ஆயிரம் பக்கப் பார்வை மட்டும் இருக்கும்போது விளம்பரம் போட்டால் தளம் அசிங்கமாகும், கைக்கு ஒன்றும் வராது. ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். 10 டாலர் ஆனதும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். முகவரியைப் பிழையில்லாமல் கொடுங்கள்.

கணக்குப் போடப் பழகுங்கள். விளம்பரதாரர் ஆயிரம் பார்வைக்குத் தருவது சிபிஎம். ஆயிரம் பக்கப் பார்வைக்கு உங்கள் கைக்கு வருவது ஆர்பிஎம். ஒரு மாதம் 80,000 பக்கப் பார்வைக்கு 120 டாலர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 120ஐ 80ஆல் வகுத்தால் 1.5 டாலர், அதுதான் ஆர்பிஎம். இதை மாதாமாதம் மட்டும் பார்க்காமல், கட்டுரை வாரியாகவும் பாருங்கள். என் தளத்தில் அதிகம் படிக்கப்பட்ட கட்டுரையின் ஆர்பிஎம்மைவிட, எட்டில் ஒரு பங்கு பேர் மட்டும் படித்த ஒப்பீட்டுக் கட்டுரையின் ஆர்பிஎம் பல மடங்கு இருந்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்தத் தொழில் கொஞ்சம் பிடிபட்டது.

பருவமும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை விளம்பரதாரர்கள் பணத்தை இறைப்பார்கள், விலை ஏறும். ஜனவரியில் தடாலென விழும். டிசம்பர் வருமானத்தைப் பார்த்து வேலையை விடுகிற முடிவை எடுக்காதீர்கள். ஜனவரியைப் பார்த்துத் தளத்தை மூடவும் வேண்டாம்.

எங்கே போடுவது? விளம்பரத்தின் பாதிப் பரப்பு குறைந்தது ஒரு நொடியாவது திரையில் தெரிந்தால்தான் அது பார்க்கப்பட்டது என்று கணக்கு. வீடியோ விளம்பரத்துக்கு இரண்டு நொடி. பக்கத்தின் அடியில் யாரும் வராத மூலையில் ஐந்து போடுவதைவிட, படிக்கும் வழியில் இரண்டு போடுவது மேல். திரையை மறைக்கும் பாப்-அப், தானாகச் சத்தத்தோடு ஓடும் வீடியோ, போன் திரையில் உள்ளடக்கத்தின் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் என்று இருந்தால், 2018 பிப்ரவரி முதல் குரோம் பிரவுசரே அந்தத் தளத்தின் விளம்பரங்களை வடிகட்டத் தொடங்கியிருக்கிறது.

தளத்தின் வேர்க் கோப்புறையில் ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்ற சின்னக் கோப்பு ஒன்று வைக்கச் சொல்வார்கள். உங்கள் விளம்பர இடத்தை விற்க யாருக்கெல்லாம் உரிமை என்ற பட்டியல் அது. பெரிய தளங்களின் பெயரில் போலிகள் இடம் விற்றுப் பணம் பார்த்ததைத் தடுக்க 2017ல் வந்த ஏற்பாடு. இல்லாவிட்டால் பலர் ஏலத்தில் விலையே கேட்க மாட்டார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: உங்கள் விளம்பரத்தை நீங்கள் கிளிக் செய்யாதீர்கள், தெரிந்தவர்களையும் செய்ய விடாதீர்கள். நான் தளம் தொடங்கியதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், எனக்கு உதவுவதாக நினைத்துத் தினமும் காலையில் என் விளம்பரங்களை வரிசையாகக் கிளிக் செய்துவந்திருக்கிறார். அதைப் பெருமையாக வேறு சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே கணக்கு முடங்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கும் பார்வையாளர்களும் இதே கதைதான். அதில் பெரும்பகுதி மனிதர்களே இல்லை.

ஐரோப்பாவிலிருந்து வாசகர் வருவார்கள் என்றால் 2018 மே 25 முதல் நடப்பிலுள்ள ஜிடிபிஆர் சட்டத்தின்படி, பின்தொடரும் குக்கிகளுக்கு அனுமதி கேட்கும் பெட்டி வேண்டும். விளம்பர நிறுவனங்களே தயாராக ஒன்றை வைத்திருக்கின்றன, அதைப் போட்டுவிடுங்கள்.

ஆறாவது: தரகர் இல்லாமல் விற்பது

சின்ன ஊடகத்துக்கு உண்மையான பணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏலத்தில் ஆயிரம் பார்வைக்கு ஓரிரு டாலர் கிடைக்கும் அதே இடத்துக்கு, உங்கள் வாசகர்களையே தேடிக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனம் பல மடங்கு தரும். இடையில் யாரும் கை வைப்பதில்லை. ஆனால் கூச்சத்தை விட்டுவிட்டுப் போய்க் கேட்க வேண்டும்.

இரண்டாவது வேலையில் எழுதிய பத்துப் பெயர் நினைவிருக்கிறதா? அந்தத் தாளை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பக்கத்தில் கடிதம். உங்கள் வாசகர்கள் யார், எதற்காக வருகிறார்கள், மடலில் எத்தனை பேர், போன மாதம் எத்தனை பேர் இணைப்பைக் கிளிக் செய்தார்கள், நீங்கள் தரும் இடம் எது, விலை என்ன. கூட்டிச் சொல்லாதீர்கள். விளம்பரம் போட்டபின் தங்கள் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், இரண்டாம் முறை வரமாட்டார்கள். பத்துக் கடிதத்துக்கு ஒரு பதில் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

பேச்சு முடிந்ததும் எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். என் முதல் ஸ்பான்சரிடம் நான் எதையும் எழுதி வாங்கவில்லை. ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று மட்டும் பேசியிருந்தேன். அவர்கள் ஒன்பது முறை திருத்தம் கேட்டார்கள், கடைசியில் பணம் வர நான்கு மாதம் ஆனது. அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, எத்தனை திருத்தம் என்று நான்தான் சொல்லவில்லை. இப்போது ஒப்பந்தத்தில் இவை கட்டாயம் இருக்கும்: திருத்தம் இரண்டு முறை, பாதிப் பணம் முன்னால், மீதிக்குத் தேதி, விளம்பரம் எத்தனை நாள் இருக்கும், நல்லவிதமாக எழுதுவேன் என்ற உறுதி கிடையாது.

காசு வாங்கியதை வாசகருக்கு மறைக்காதீர்கள். இது நாணயம் பற்றியது மட்டுமில்லை, பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. தள விதிகளும் கேட்கின்றன. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் பணம் பெற்றுச் செய்தது என்று குறிக்க வசதி உண்டு. இணையதளத்தில் விளம்பர இணைப்புக்கு 'ஸ்பான்சர்டு' என்ற குறியீட்டைச் சேர்க்க வேண்டும். மறந்தால் காசுக்கு இணைப்பு விற்பதாகக் கூகுள் எடுத்துக்கொள்ளும். யாராவது வந்து, கட்டுரையை நாங்களே எழுதித் தருகிறோம், உங்கள் தளத்தில் போட்டால் போதும் என்று நல்ல தொகை சொன்னால் மறுத்துவிடுங்கள். பெயரெடுத்த தளத்தின் நிழலில் அந்நியச் சரக்கு விற்பதைக் கூகுள் 2024 மே முதல் தண்டிக்கிறது.

வாசகர் தரும் பணம்

படைப்பாளிக்கு ரசிகர்கள் மாதாமாதம் பணம் தர வழிசெய்யும் பேட்ரியான் 2013ல் வந்தது, மின்னஞ்சல் மடலுக்குச் சந்தா வாங்க உதவும் சப்ஸ்டாக் 2017ல். இரண்டும் ஒரே விஷயத்தை நிரூபித்தன: கொஞ்சம் பேர் போதும். பத்தாயிரம் பேர் சும்மா படிக்கும் இடத்தில் இருநூறு பேர் மாதாமாதம் தரத் தயாராக இருந்தால் விளம்பரத்தையே மறந்துவிடலாம். எல்லாவற்றையும் பூட்டிவைக்க வேண்டாம். புதியவர்கள் உள்ளே வரும் கதவு திறந்திருக்க வேண்டும். பூட்டவேண்டியது, வாசகருக்கு வேலையில் நேரம் மிச்சமாக்கும் பகுதியை. அதற்குத்தான் காசு தருவார்கள், அபிமானத்துக்காகத் தருபவர்கள் ஒரு வருடத்தில் குறைந்துவிடுகிறார்கள்.

தேடலும் செயற்கை நுண்ணறிவும்

2024 மேயில் கூகுள் தன் தேடல் பக்கத்தின் உச்சியில் ஏஐ எழுதிய பதிலைக் காட்டத் தொடங்கியது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் உங்கள் தளத்துக்கு ஏன் வரவேண்டும்? 'என்றால் என்ன', 'எப்படிக் கணக்கிடுவது' என்ற வகைக் கட்டுரைகள் முதல் பலி. புதிதாகத் தொடங்குபவர் இந்த வகையில் நேரத்தைக் கொட்ட வேண்டாம் என்பேன். நீங்களே செய்து பார்த்தது, நீங்களே எண்ணியது, நீங்களே போய்ப் பேசியது, இவற்றை எழுதுங்கள். இயந்திரம் சுருக்கிச் சொன்னாலும் மூலத்தைப் பார்க்க வருவார்கள்.

ஏஐ நிறுவனங்கள் உங்கள் எழுத்தை எடுக்காமல் தடுக்க ரோபாட்ஸ் கோப்பில் வழி இருக்கிறது. தளங்களைத் தானாகப் படித்துப் போகும் மென்பொருள்களான ரோபாட்களுக்கு, எதை எடுக்கலாம், எதைக் கூடாது என்று சொல்லும் கோப்பு அது. சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐயின் ரோபாட்டான ஜிபிடிபாட்டை 2023 ஆகஸ்டிலிருந்து அப்படித் தடுக்கலாம். கூகுளில் ஒரு சிக்கல்: கூகுள்-எக்ஸ்டெண்டெட் என்ற குறியை வைத்து, கூகுளின் ஏஐயான ஜெமினிக்குப் பயிற்சியாகப் போவதை நிறுத்தலாம், ஆனால் தேடல் பக்கத்து ஏஐ பதிலை அது நிறுத்தாது. அந்தப் பதில் வழக்கமான தேடல் ரோபாட் எடுத்ததிலிருந்து வருகிறது. அதைத் தடுத்தால் தேடலிலிருந்தே காணாமல் போவீர்கள். 2025 ஜூலையில், தளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் சேவையான கிளவுட்ஃபிளேர், புதிதாகச் சேரும் தளங்களில் ஏஐ ரோபாட்களுக்கு இயல்பாகவே கதவைச் சாத்தியது. எடுக்க வேண்டுமானால் காசு கொடு என்று கேட்கும் வசதியையும் சோதிக்கத் தொடங்கியது. இதில் சின்னவர்களுக்குப் பெரிய வருமானம் வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் கதவின் சாவி நம்மிடம் இருப்பது நல்லதுதான்.

கடைசி வேலை: ஒரு நோட்டு

தளத்துக்கு யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசம், போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்தால் எழுத்து நின்றுவிடும், எனக்கு நின்றிருக்கிறது. மாதத்தின் முதல் நாள் மட்டும் திறந்து, ஒரு நோட்டில் ஐந்து எண்களை எழுதினால் போதும்: மறுபடி வந்த வாசகர்கள், மடலில் புதிதாகச் சேர்ந்தவர்கள், மடலிலிருந்து விலகியவர்கள், ஆர்பிஎம், எந்த ஒரு வழியிலிருந்து அதிக வருமானம் வந்தது, அது மொத்தத்தில் எத்தனை சதவீதம். ஒரே வழி பாதியைத் தாண்டினால் அடுத்த மூன்று மாதம் வேறு வழிக்கு உழையுங்கள்.

நோட்டின் ஓரத்தில் ஒரு பத்தி விட்டுவையுங்கள். தளங்கள் விதியை மாற்றினால், கூகுள் தேடல் புதுப்பிப்பு அறிவித்தால், நீங்களே தள வடிவத்தை மாற்றினால், அந்தத் தேதியை அங்கே எழுதுங்கள். ஒரு மாதம் பார்வை திடீரென்று விழும். பதற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் மாற்றத் தோன்றும். அப்போது முதலில் அந்த ஓரப் பத்தியைப் பாருங்கள். அங்கே தேதி எதுவும் இல்லையென்றால் போன வருடம் இதே மாதத்துப் பக்கத்தைத் திருப்புங்கள். பெரும்பாலும் அது ஜனவரியாகத்தான் இருக்கும்.